சூடேறாத எஞ்சின்

எங்கள் கராஜுக்குப் புதிதாக எந்த வண்டி வந்தாலும், அதன் எஞ்சினிலிருந்து எங்கள் முதலாளி நானா முதலில் கழற்றுவது தெர்மோஸ்டாட்டைத்தான். சுண்ணாம்பு டப்பி அளவேயான ஒரு பித்தளைச் சாமான் அது. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் ஒரு கதவு மாதிரி உட்கார்ந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். தண்ணீர் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். போதுமான சூடு வந்ததும் கதவு தானாகத் திறந்து, தண்ணீரை ஆறவைக்க ரேடியேட்டருக்கு அனுப்பும். பழைய வண்டிகளில் இந்தக் கதவு சில நேரம் துருவேறித் திறக்காமல் நின்றுவிடும். பாரம் ஏற்றிய லொறிக்கு மலைப்பாதையில் அது நடந்தால் எஞ்சின் கொதித்து, பாதி ஏற்றத்தில் நீராவி விட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே கதவே வேண்டாம் என்பது எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளின் முடிவு. இதை நானா கண்டுபிடிக்கவில்லை. மாத்தளையிலும் ரத்தோட்டையிலும் எல்லாக் கராஜ்களிலும் அதுதான் வழக்கம். தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டுபோகும் லொறிக்காரர்கள் லொறியை விட்டு இறங்கும்போதே, "அதக் கழட்டியாச்சு தானே?" என்று கேட்பார்கள். கழற்றியபின், சூடு காட்டும் ஹீட் ஊசி அடியிலேயே படுத்துக் கிடக்கும். அதைப் பார்ப்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

கராஜ், ரத்தோட்டை வீதியில் இருந்தது. முதலாளி முஸ்லிம்; அவரை எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் அழைப்போம். நான் மேலே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். இங்கே வண்டி கழுவ வந்து, பிறகு லொறி எஞ்சின் இறக்கி ஏற்றும் வேலைக்கு உயர்ந்திருந்தேன். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த காலம். ஆட்களோடு பேசுவதென்றால் எனக்கு அப்போதும் கூச்சம், இப்போதும் கூச்சம். நானா எனக்கு ஊமைத்தம்பி என்று பேர் வைத்திருந்தார்.

வடக்கில் சண்டை மறுபடியும் மூண்டிருந்த வருடங்கள் அவை. அப்போதுதான் அந்த ஸ்போர்ட்ஸ் கார் எங்களிடம் வரத் தொடங்கியது.

அதன் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். மாத்தளையில் ஒரு கந்தோரில் நெடுங்காலம் உத்தியோகம். கராஜிலிருந்து கொஞ்சம் மேலே வாடகை வீட்டில் மனைவியோடு இருந்தார். காரை வாங்கியது அவருடைய மகன். நீல நிறம், இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, பின்னால் ஒரு சின்ன இறக்கை. ஜப்பானில் ஓடிய கார். வாங்கிய மறு வருடமே மகன் வெளிநாடு போய்விட்டான். விற்கச் சொல்லி அவன் எத்தனையோ தடவை சொல்லியும் ஐயா விற்கவில்லை. கந்தோருக்கு நடந்து போவார். காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார். உயரமான மனிதர் குனிந்து, முதலில் ஒரு காலை உள்ளே விட்டு, பிறகு தலையை விட்டு, கடைசியில் குடையை உள்ளே இழுத்துக்கொள்வார். எதிர்க்கடைக்காரர், "ஐயா இண்டைக்கு எங்க ரேஸ்?" என்று கேட்பார். ஐயா சிரிக்காமல், "கோயிலுக்கு" என்பார்.

ஐயாவின் மனைவிக்கு, நாங்கள் அம்மா என்று அழைப்பவருக்கு, புற்றுநோய் என்று தெரியவந்ததும் அந்தக் காருக்கு உண்மையான வேலை வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். முதல் தடவை வான் பிடித்துப் போனார்கள். ஐயாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததால், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் வானை ஓரங்கட்டி நெடுநேரம் வைத்திருந்தார்கள். அடுத்த தடவை கேட்டபோது வான்காரர், வேறு ஹயர் இருக்கிறது என்றார். பஸ்ஸில் கொண்டுபோக ஐயா விரும்பவில்லை. பஸ்களில் பார்சல் குண்டு வைக்கப்பட்ட காலம். எல்லோரும் ஆசனத்துக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். சாவடிக்குச் சாவடி இறங்கி, வரிசையில் நடந்து, மறுபடி ஏற அம்மாவுக்குத் தெம்பும் இருக்கவில்லை. மிச்சம் இருந்தது அந்தக் கார்தான்.

ஐயா காரைக் கராஜில் கொண்டுவந்து விட்டார். நானா அதை எங்களில் யாருடைய கையிலும் கொடுக்கவில்லை.

"நோயாளிய கொண்டு போற வண்டி. பலகடுவ ஏத்தத்துல கொதிச்சி நிண்டா அந்த அம்மா என்ன செய்ற?" என்று சொல்லி, எண்ணெய் மாற்றினார், பிரேக் பார்த்தார், ரேடியேட்டரைக் கழுவினார். வழக்கப்படி தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் போட்டார். நான் அப்போது ஒரு லொறிக்கு அடியில் படுத்திருந்தேன். அவருடைய கால்களையும், அந்தச் சாமான் விழுந்து உருண்டதையும் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கார் கெட்டுப்போனது.

வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெட்ரோல் குடித்தது. பின்னால் கறுப்புப் புகை விட்டது. நின்றால் லேசில் ஸ்டார்ட் ஆகாது. எல்லாவற்றிலும் மோசமானது வாசம்தான். எரியாத பெட்ரோலின் வாசம் காருக்குள் வந்து நிறைந்தது. நல்ல உடம்புக்காரனுக்கே தலை வலிக்கும். மருந்து ஏறிய உடம்புக்குச் சோற்று வாசமும் சவர்க்கார வாசமும்கூட ஆகாது. அம்மா போகும்போதும் வாந்தி எடுத்தார், வரும்போதும் வாந்தி எடுத்தார். ஐயா பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் காரிலேயே வைத்திருந்தார்.

ஐயா மகனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். மறுநாள் கராஜுக்கு வந்து, மகன் சொன்னதை எங்களுக்கு விளக்கினார்.

"இந்தக் காரில கார்பரேட்டர் இல்லை. எவ்வளவு பெட்ரோல் விடவேணும் எண்டு ஒரு கம்பியூட்டர் பெட்டிதான் தீர்மானிக்குது. எஞ்சின் தண்ணிக்குள்ள ஒரு சென்சர் இருக்கு. எஞ்சின் எவ்வளவு சூடு எண்டு அது பெட்டிக்குச் சொல்லும். குளிராக் கிடந்தா பெட்டி கூடப் பெட்ரோல் விடும். சூடேற ஏற குறைச்சுக்கொண்டு வரும்."

"சோக் இழுக்கிற மாதிரி" என்றார் நானா.

"ஓம், அதேதான். அந்தச் சென்சர் பழுதாப் போனா, சூடான எஞ்சினையும் குளிரெண்டு சொல்லும். பெட்டி அதை நம்பி நெடுகப் பெட்ரோலை ஊத்திக்கொண்டிருக்கும். அதுதான் காருக்குப் பிடிச்ச வருத்தம் எண்டு மகன் சொல்லுறான்."

நானாவுக்குப் புரிந்துவிட்டது. கண்டியில் ஒரு சென்சர் வாங்கி மாற்றினார். இனி வாசம் வராது என்று ஐயாவிடம் சொன்னார். ஐயா அம்மாவிடம் சொன்னார். வாசம் வந்தது. மகன் அங்கிருந்தே இன்னொரு சென்சரை, புத்தம் புதியதை, அனுப்பி வைத்தான். அதையும் மாற்றினோம். இனி வராது என்று மறுபடியும் சொல்லப்பட்டது. மறுபடியும் வந்தது. கழற்றிய சென்சரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நானா, "இந்த ஜாதி சாமான்ட வாயில உண்மையே வராது" என்று திட்டினார்.

அடுத்த பயணத்துக்கு நானா என்னையும் கூடவே அனுப்பினார். கார் வழியில் நின்றால் தள்ள ஓர் ஆள் வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்கவும் ஆள் வேண்டும். "பேசுறதுக்கு ஆள் வேணுமெண்டா நான் வேற யாரயும் அனுப்புவன்" என்றார்.

மார்கழி மழை. விடிந்தும் மலையில் பனிமூட்டம் கலையவில்லை. அந்தக் காரில் பின் ஆசனம் என்று இருந்தது பிள்ளைகளுக்குக்கூடப் போதாது. முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க நான் மடங்கி உட்கார்ந்தேன். அம்மா முன் ஆசனத்தில் சால்வையால் தலையையும் மூடிக்கொண்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்திருந்தார்.

"தம்பி, பின்னுக்கு இருக்கிறீங்களோ, அல்லது எங்கயும் விழுந்திட்டீங்களோ? சத்தத்தைக் காணேல்ல" என்றார்.

"இருக்கேம்மா."

"இவர் மகன்ர காரை ஓட்டி இளந்தாரியாகப் பாக்கிறார். நடுவில நானும் நீங்களும்தான் சாகிறம்."

"நீர் கதைக்காம கண்ணை மூடிக்கொண்டு இரும்" என்றார் ஐயா.

"கண்ணை மூடினா மணம் இன்னும் கூடத்தான் தெரியுது."

மாத்தளை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வாசம் கனத்தது. ஐயா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். மழை உள்ளே அடித்தது. அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டார். பலகடுவ ஏறி இறங்கியபின் ஒரு சாவடி இருந்தது. ஒரு சிப்பாய் கையைக் காட்டினான். சின்னப் பையன் முகம். சாவடியில் எஞ்சினை நிறுத்துவது சட்டம்.

"மாமா ரேஸுக்கா?" என்று சிங்களத்தில் கேட்டான். ஐயா அவனுக்கு ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் மூன்று அடையாள அட்டைகளையும் கொடுத்தார். ஐயாவின் அட்டையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. அட்டைகளோடு கொட்டகைக்குப் போனான். நெடுநேரம் கழித்து வந்து, சரி, போகலாம் என்றான்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஐயா சாவியைத் திருப்பத் திருப்ப எஞ்சின் இருமியது. கறுப்புப் புகை சாவடியை மூடியது. பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. கொட்டகையிலிருந்து இன்னும் இருவர் துவக்கோடு ஓடி வந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆள், ஸ்போர்ட்ஸ் கார், சாவடிக்குப் பக்கத்தில் நின்றுபோய்ப் புகைகிறது. குண்டு என்று அவர்கள் பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் இறங்கச் சொன்னார்கள். அந்தத் தாழ்ந்த ஆசனத்திலிருந்து அம்மாவால் எழ முடியவில்லை. நான் கூச்சத்தை மறந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினேன். கைகளில் எடையே இல்லை. அவர் மழையில் வேலிக்கம்பைப் பிடித்தபடி குனிந்து வாந்தி எடுத்தார். சால்வை வழுக்கி விழுந்தபோது முடி கொட்டிய தலை தெரிந்தது.

முதலில் வந்த சிப்பாய் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அம்மா உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டான். "அம்மே, இருங்க" என்றான். மற்றவர்கள் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்து, டிக்கியைப் பார்த்து, வாளியையும் பார்த்தார்கள். நான் பிளக்குகளைக் கழற்றினேன். நாலும் பெட்ரோலில் நனைந்து, கரி பூசி இருந்தன. துடைத்துப் பூட்டினேன். பிறகு அதே சிப்பாய்களும் நானும் சேர்ந்து தள்ள, கார் உதறிக்கொண்டு எழுந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா சொன்னார். "இஞ்சருங்கோ. இண்டைக்கு ஏத்திற மருந்தோட காணும், போதும். இனி நான் வரமாட்டன்."

ஐயா முன் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார்.

"கோபத்தில சொல்லேல்லை. நோய் வருத்தத்தைத் தாங்கலாம். இந்தப் போக்குவரத்தைத் தாங்க ஏலாது. வீட்டில கிடந்து போறன்."

"இன்னும் நாலு தரம்தான். டொக்டர் என்ன சொன்னவர்? இடையில நிப்பாட்டக் கூடாது எண்டெல்லோ சொன்னவர்?"

"டொக்டர் இந்தக் காரில வாறேல்லையே."

கார் அக்குறணையை நெருங்கியது. நனைந்த அம்மாவுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. "அந்த ஹீட்டரையாவது போடுங்கோ" என்றார். ஐயா பொத்தானைத் திருப்பினார். காற்று வந்தது. அம்மா கையை நீட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"பச்சைத் தண்ணி மாதிரி வருது. மகன் எங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க இது அடுப்பு மாதிரி ஊதினது. இப்ப இதுவும் செத்துப்போச்சு."

அந்தப் பேச்சு என் காதில் விழுந்து அங்கேயே தங்கியது. காரின் ஹீட்டருக்குத் தனியாக நெருப்பு கிடையாது. எஞ்சின் தண்ணீரின் சூட்டைத்தான் அது ஊதுகிறது. நான் ஐயாவின் தோளுக்கு மேலாக எட்டி ஹீட் ஊசியைப் பார்த்தேன். அடியில் படுத்துக் கிடந்தது. இத்தனை நாள் எல்லோரும் பார்த்து நிம்மதிப்பட்ட அதே இடத்தில்தான்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குள் போனபின் பொனட்டைத் திறந்தேன். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் பிடித்தேன். மலையேறி வந்த எஞ்சினின் ஹோஸ் கையைச் சுட வேண்டும். இது கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் அளவுக்குத்தான் இருந்தது. கதவு இல்லாத வழியில் தண்ணீர் முழுவதும் ஓயாமல் ரேடியேட்டருக்குப் போய், மழைக்காற்றில் ஆறி ஆறித் திரும்பியிருக்கிறது. எஞ்சின் சூடேறவே இல்லை. சென்சர்கள் மூன்றும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கின்றன. பெட்டியும், குளிர்ந்த எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்திருக்கிறது.

இதை ஐயாவிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நானா செய்தது பிழை என்று நானாவிடம் சொல்வதற்கு முன்னால் வேறொருவரிடம் சொல்வது எனக்கு முறையாகப் படவில்லை. திரும்பி வரும்போதும் அதே வாசம். ஐயா மழையையும் பார்க்காமல் இரண்டு கண்ணாடிகளையும் இறக்கி ஓட்டினார். வீட்டு வாசலில் அம்மாவை இறக்கிவிட்டபோது அவர், "பாவம் தம்பி, இனி உங்களுக்கு இந்த அலைச்சல் இல்லை" என்றார். அவர் முடிவெடுத்துவிட்டார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

கராஜில் மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நானா அஸர் தொழுகைக்குப் போய் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, அந்தக் கார் சூடேறவே இல்ல" என்றேன்.

"ஏறக் கூடாண்டு தானே கழட்டின."

"அதுதான் நானா. சூடு ஏறாததுனால சென்சர் குளிர்னு சொல்லுது. பெட்டி பெட்ரோல ஊத்துது. ஹீட்டர்ல பச்சக் காத்துதான் வருது. ஹோஸ கையால புடிச்சுப் பாத்தேன். சுடல."

நானா என்னை முழுமையாக ஒருதரம் பார்த்தார். "ஊமைத்தம்பிக்கு வாய் தொறந்திரிச்சி" என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நான் எத்தன வண்டிக்கு கழட்டின? எது கெட்டுப்போன? சொல்லு."

"எல்லாம் டீசல் வண்டி நானா. இல்லாட்டி கார்பரேட்டர். அதுக எஞ்சின் சூட்ட யார்கிட்டயும் கேட்டுப் பெட்ரோலோ டீசலோ விடுறதில்லையே."

அவர் கழற்றிய தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் அதற்கு முன் பேசியதில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது கார் கராஜ் முற்றத்தில் நின்றது. நானாவே போய் ஐயாவிடம் கேட்டு ஓட்டி வந்திருந்தார். பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் செருகிக் காற்றை மறைத்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டு ஊசியைப் பார்க்கச் சொன்னார். அது மெல்ல அடியை விட்டு எழுந்து நடுவுக்கு வந்தது. வர வர எஞ்சினின் சத்தம் மாறியது. உறுமல் தணிந்து, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. நானா சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் புகைக்குழாய்க்குப் பின்னால் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு விரித்துப் பார்த்தார். கரி இல்லை. முகர்ந்தும் பார்த்தார். அந்தக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

"அந்த அம்மா எத்தன தரம் வாந்தி எடுத்திரிக்கும்" என்றார். என்னிடம் கேட்டதில்லை அது.

அட்டையை வைத்து ஓட முடியாது. நீண்ட ஏற்றத்தில் உண்மையாகவே கொதித்துவிடும். கழற்றிய தெர்மோஸ்டாட் பழைய இரும்போடு போய் எத்தனையோ நாளாகிவிட்டது. கண்டியில் அந்தக் காருக்கு ஏற்றது கிடைக்கவில்லை. நானா கொழும்புக்குப் போவதாகச் சொன்னார். அவருடைய மனைவி கராஜுக்கே வந்து சத்தம் போட்டார். "பஸ்ஸுல குண்டு வெடிக்கிற காலத்துல ஒரு இரும்புத்துண்டுக்கு கொழும்புக்குப் போறதா? பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ற?" நானா வேறொருவனை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. விடியற்காலை பஸ் ஏறி, பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகள் எல்லாம் ஏறி இறங்கி, எது பொருந்தும் என்ற நிச்சயமில்லாமல் மூன்று வாங்கி வந்தார். வாளியில் தண்ணீர் கொதிக்க வைத்து மூன்றையும் உள்ளே போட்டு, எது ஒழுங்காகத் திறக்கிறது என்று பார்த்து, ஒன்றைத் தன் கையாலேயே பூட்டினார்.

பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனார். ஐயாவும் அம்மாவும் முன் அறையில் இருந்தார்கள். நானா உட்காரவில்லை.

"ஐயா, சென்சர்ல ஒரு பிழையும் இல்ல. பிழை என்ட கையில. தெர்மோஸ்டாட்டக் கழட்டின நான்தான். அதாலதான் இவ்வளவும்."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொதிக்கக் கூடாதெண்டு நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "இப்ப சரிதானே?" என்று கேட்டார்.

"சரி ஐயா."

அம்மா படுத்திருந்த கட்டிலிலிருந்து பேசினார். "முந்தியும் ரெண்டு தரம் சரியெண்டு சொன்னனீங்கள். நானும் நம்பித்தான் ஏறினனான்."

அம்மா என் பக்கம் திரும்பினார். நான் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே அண்டைக்கு என்னோட வந்தனீங்கள். இந்த முறை என்ன வித்தியாசம்?"

சென்சரைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில், "நாங்க சொல்றத நம்ப வேணாம்மா. வந்து ஹீட்டர்ல கைய வச்சுப் பாருங்க" என்றேன்.

அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு சால்வையைக் கேட்டார். ஐயா ஒரு பக்கம் பிடிக்க, படி இறங்கி வந்து, மெதுவாகக் காருக்குள் உட்கார்ந்தார். கதவுகளைச் சாத்தி, கண்ணாடிகளை முழுவதும் ஏற்றச் சொன்னார். வாசம் வந்தால் உடனே தெரியட்டும் என்றுதான். ஐயா எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். நானாவும் நானும் வாசலில் நின்றோம். உள்ளே அவர்கள் இருவரும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், எங்கோ பயணம் போகிறவர்கள் மாதிரி. மழை தூறியது. வெகுநேரம் கழித்து அம்மாவின் இரண்டு கைகளும் எழுந்து, காற்று வரும் துளைகளுக்கு முன்னால் விரிந்தன. அப்படியே வைத்திருந்தார். ஐயா எஞ்சினை நிறுத்தினார். அம்மா ஏதோ சொன்னதும் மறுபடி சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது. மறுபடி நிறுத்தி, மறுபடி திருப்பினார். சாவடிக்காகத்தான் அம்மா அதைச் செய்யச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

வெளியே வந்தபோது அம்மா வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "களைப்பாக் கிடக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

மருந்து ஏற்றும் நாள் வந்தது. நான் கராஜை வெள்ளெனத் திறந்துவிட்டேன். நானாவும் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்து, ஒரு பழைய டயரில் உட்கார்ந்து, சாயத் தேத்தண்ணி குடித்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கார் வளைவில் இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றது. முன் ஆசனத்தில் அம்மா இருந்தார். கையில் எலுமிச்சம்பழம். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார்.

நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு ஏறப் போனேன். பையில் பிளக் சாவியும் சீலைத் துண்டுகளும் இருந்தன.

"நீங்கள் வேண்டாம் தம்பி. தள்ளத் தேவையில்லையெண்டால் அந்தப் பின் சீற்றில மடங்கிக்கொண்டு ஏன்?" என்றார். நானாவைப் பார்த்து, "மணம் வந்தா பலகடுவயில இருந்தே திரும்பி வந்திடுவன். சொல்லிப்போட்டன்" என்றார்.

"வாங்க அம்மா. வந்து எனக்கு ஏசுங்க" என்றார் நானா.

அவர்கள் பாதிவழியில் திரும்பி வரவில்லை. அன்று முழுவதும் எந்த வண்டி வளைவில் சத்தம் போட்டாலும் நானா தலையைத் தூக்கினார். பின்னேரம்தான் கார் வந்தது. ஐயா வீதி ஓரத்தில் மெல்ல நிறுத்தி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அம்மா தலையைச் சாய்த்து நித்திரையாக இருந்தார். "சாவடியில நிப்பாட்டி மறுபடி சாவியைத் திருப்பினனான். அதுக்கும் எழும்பேல்லை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கார் போன பிறகும் வீதியில் வாசம் ஏதும் தங்கவில்லை.

மிச்சமிருந்த எல்லாத் தடவையும் அம்மா போனார். சண்டை முடிந்த வருடத்தில் அவர் காலமானார். நோய் உடம்பில் வேறோர் இடத்தில் மறுபடி தலைகாட்டியிருந்தது. நானும் நானாவும் செத்த வீட்டுக்குப் போனோம். கந்தோர் ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், மருத்துவம் ஒழுங்காகப் பார்த்தீர்களா என்று ஐயாவிடம் கேட்டார். கேட்ட விதம் கொஞ்சம் கடுமையாக இருந்தது.

"எல்லாம் பாத்தனான்" என்றார் ஐயா. "டொக்டர் சொன்ன ஒரு நாளைக்கூட அவ தவறவிடேல்லை."

நானா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் எழுந்து போய், வந்தவர்கள் உட்காரக் கதிரைகளை விரித்துப் போட்டேன்.